காப்புக் கட்டிய வீடு

2025 பெப்ரவரி 3, திங்கள்

மழை இல்லை. பனி மட்டும். பல்லுக்கு மருந்து வாங்க மஸ்கெலியா டவுனுக்குப் போனேன். திரும்பி வரும்போது பஸ் போர்டை நானே எழுத்துக் கூட்டி வாசித்தேன். கடைசி எழுத்து வரை வாசித்து முடித்தேன். அதற்குள் பஸ் போய்விட்டது. எழுபத்தோரு வயதில் ஒரு பஸ்ஸைத் தவறவிட்டு நடுரோட்டில் நின்று சிரித்தேன். பக்கத்தில் நின்ற சிங்களப் பெண்ணும் ஏன் என்று தெரியாமலே சிரித்தாள்.

மருமகள் லோஜினியிடம் சொன்னேன். "பஸ்ஸ பாத்து ஏறுங்க மாமா, படிச்சு முடிச்சு ஏறாதீங்க" என்றாள். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே சொல்லிக் கொடுப்பாள். நான் கரித்துண்டால் தரையில் எழுதுவேன். இப்போது இந்தக் கொப்பியை வாங்கித் தந்திருக்கிறாள். தினமும் மனதில் உள்ளதை எழுதச் சொல்லியிருக்கிறாள். யாரும் எடுத்துப் பார்க்க மாட்டார்களாம்.

என் பேர் வீரய்யா. நான்தான் எழுதுகிறேன்.

பெப்ரவரி 5, புதன்

ஒரு பக்கம் எழுதி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிப் போகிறது. ஆறிய தேத்தண்ணியும் நன்றாகத்தான் இருக்கிறது.

பெப்ரவரி 7, வெள்ளி

லோஜினி இன்றும் பெரட்டுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினாள். விடிந்ததும் எல்லாரும் கூடி நிற்க, வேலை பிரித்துக் கொடுப்பார்களே, அந்தப் பெரட்டு. பேர் பதிந்த ஆட்களை முதலில் மலைக்கு அனுப்பிவிட்டு, பேர் பதியாத கைக்காசு ஆட்களைப் பார்த்து, இன்று தேயிலைக் கொழுந்து குறைவு, நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

என் காலத்தில் வயது வந்ததும் பேர் பதிவார்கள். கூலி குறைவுதான். ஆனாலும் நாளைக்கு வேலை உண்டு என்று நம்பிப் படுப்போம். இப்போது புதிதாக யாருடைய பேரையும் பதிவதில்லை. பறித்த எடைக்குக் கூலி, அதோடு சரி. அதே மலை, அதே செடி. எனக்குக் கிடைத்தது இவளுக்கு ஏன் கிடைக்கவில்லை? என்னைவிட வேகமாகப் பறிப்பாள். பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பு வரை படித்தவள் வேறு.

"நாளைக்கு வேல இருக்கா தாயி?" என்று கேட்டேன்.

"நாளைக்குத்தான் மாமா தெரியும்."

என் மகன் மதுரன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரொட்டி போடுகிறான். அவன் கதையும் இதேதான். முதலாளி போ என்றால் அன்றைக்கே பையைத் தூக்க வேண்டும்.

பெப்ரவரி 16, ஞாயிறு

இன்று பெரிய சந்தோசம். எழுத்து கோணலாக வருகிறது.

கோயில் தலைவர் பொன்னையாவும் நாலைந்து பேரும் வெற்றிலைத் தட்டோடு வந்தார்கள். இந்த மாசியில் காமன் கூத்து வைக்கிறார்களாம். மூன்று வருடமாக நடக்கவில்லை. மன்மதன் வேசத்துக்கு மதுரனைக் கேட்டார்கள். ரதி வேசம் ஆட்டோ ஓட்டும் ஜெயகாந்தனுக்கு. அவனுக்கு மீசை எடுக்க மனமில்லையாம். தலைவர் எடுக்க வைப்பார்.

நானும் இருபது வயதில் ரதி ஆடியவன். காமன் எரிந்ததும் நான் அழுத அழுகையில் துரை வீட்டு நாயே ஊளையிட்டது என்று சொல்வார்கள். அது பொய். ஆனால் நல்ல பொய்.

யோசிக்கவே இல்லை. இரண்டு கையையும் நீட்டி வெற்றிலையை வாங்கிக்கொண்டேன். மதுரனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சரிப்பா" என்றான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

எங்கள் டிவிசனில் ஒரு வழக்கம். மற்றத் தோட்டங்களில் எப்படியோ தெரியாது. மன்மதனுக்குக் காப்புக் கட்டினால் அவன் பெண்சாதிக்கும் கட்ட வேண்டும். காமனை எரித்து, மூன்றாம் நாள் திரும்ப எழுப்பும் வரை இருவரும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. தலைவர் இதைச் சொன்னபோது லோஜினி வாசலில்தான் நின்றாள். தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போனாள். வெட்கம் என்று நினைத்தேன்.

பெப்ரவரி 17, திங்கள்

வெட்கம் இல்லை.

"யாரக் கேட்டு மாமா வெத்தல வாங்குனீங்க?" என்றாள். இதுவரை என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போக ஏற்பாடு செய்திருக்கிறாள். ஹட்டனில் கஜேந்திரன் என்று ஒரு ஏஜென்சிக்காரர். மார்ச் நாலாம் திகதி கொழும்புக்கு வரச் சொல்லியிருக்கிறார். பாஸ்போர்ட்டைக் கூடக் கொடுத்துவிட்டாளாம். மதுரனுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. கடைசி நாள் சொல்லலாம் என்று இருந்தார்களாம்.

"வெத்தலய திருப்பிக் குடுங்க."

"சாமி வெத்தலய எப்புடித் தாயி குடுக்குறது?"

"அப்ப நான் எப்புடிப் போறது?"

கொப்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். என்னிடம் ஏன் சொல்லலை? நான் என்ன, கையைக் காலைப் புடிச்சு இழுத்தா வச்சிருப்பேன்? — இழுத்திருப்பேனோ என்னவோ.

பெப்ரவரி 18, செவ்வாய்

பாடம் இல்லை. பேச்சும் இல்லை. சோறு மட்டும் வந்தது.

பெப்ரவரி 22, சனி

மதுரன் வந்துவிட்டான். கூத்துக்குப் போய் வருகிறேன் என்று கடையில் சொன்னானாம். திரும்பி வந்தால் பார்ப்போம் என்றாராம் முதலாளி. நான் வாங்கிய வெற்றிலை என் மகன் வேலையையும் மென்று தின்றுவிடும் போலிருக்கிறது.

இரண்டு பேரையும் உட்கார வைத்துக் கேட்டேன். லோஜினி நிதானமாகச் சொன்னாள். வரிசை வீடான லயத்தில், ஒழுகும் இந்த ஒற்றைக் காம்பராவில் எத்தனை காலம் இருப்பது? பெரட்டில் நின்று, கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனை காலம்? "அங்க போனா மாசக் கடைசியில சம்பளம் வரும்னாவது தெரியும் மாமா." அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. போகக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எப்படிப் போகிறாய் என்று மட்டும் கேட்டேன். ஊர் சுற்றிப் பார்க்கும் விசாவில் போய், அங்கே வேலை விசாவாக மாற்றிக் கொள்ளலாமாம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் பதியும் அரசாங்கப் பீரோவில் பதியத் தேவையில்லையாம். செலவெல்லாம் ஏஜென்சிக்காரர் பார்ப்பார், முதல் சில மாதச் சம்பளம் அவருக்குப் போகும். எந்த வீடு, எந்த ஊர் என்று அங்கே போய் இறங்கிய பிறகுதான் தெரியும்.

எங்கள் தாத்தா இந்த நாட்டுக்கு வந்ததும் அப்படித்தான். ஆள் சேர்க்க வந்த கங்காணி, செலவெல்லாம் தானே பார்க்கிறேன் என்று சிரித்துப் பேசி அழைத்து வந்தாராம். அந்தச் செலவைக் கழிக்கத் தாத்தாவுக்கு ஆயுள் போதவில்லை. இதை அவளிடம் சொல்லலாமா? கிழவன் பழங்கதை பேசுகிறான் என்பாள். சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

பெப்ரவரி 24, திங்கள்

மேல் லயத்துச் சிசிலியைப் போய்ப் பார்த்தேன். மூன்று வருடம் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து திரும்பியவள். என்னை எப்போதும் பெரியப்பா என்பாள். எதற்கும் வாய் மூடாதவள், அந்த மூன்று வருடத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"லோஜினிக்கிட்ட கொஞ்சம் பேசும்மா" என்றேன்.

"அதக் கேக்காதீங்க பெரியப்பா" என்றாள். பிறகு சாணம் அள்ளப் போய்விட்டாள்.

மார்ச் 2, ஞாயிறு

காமன் பொட்டலில் கம்பம் ஊன்றினோம். ஆமணக்கும் கரும்பும் சேர்த்துக் கட்டி, வைக்கோல் சுற்றி. தப்புச் சத்தம் மலை முழுக்கக் கேட்டது. ஜெயகாந்தன் மீசையில்லாமல் வந்தான். அவன் பெண்சாதிக்கே அடையாளம் தெரியவில்லையாம். "எந்த ஊரு மாப்பிள நீங்க?" என்று கேட்டுச் சிரிக்கிறாள்.

மதுரன் கையிலும் லோஜினி கையிலும் மஞ்சள் துண்டு கோத்த காப்பைத் தலைவர் கட்டினார். லோஜினி கையை நீட்டினாள். முகத்தை நீட்டவில்லை.

சாயங்காலம் ஏஜென்சிக்காரர் போனில் கத்தினார். எனக்கே கேட்டது. கடைசியில், ஒன்பதாம் திகதி நானே வண்டி கொண்டு வருகிறேன், நேரே ஏர்போர்ட், அதற்குப் பிறகு உன் இடத்துக்கு வேறு ஆள் இருக்கிறது என்றார்.

"காப்ப அவுத்து வச்சிட்டுப் போறேன் மாமா" என்றாள். "சாமி என்னைய மன்னிக்கும்."

மன்னிக்கும். சாமிக்கு என்ன. எனக்குத்தான்…

மார்ச் 5, புதன்

சிசிலி நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தாள். கோயிலில் இன்று தவக்காலம் தொடங்கியதாம். அடுப்படியில் லோஜினி பக்கத்தில் குந்திக்கொண்டாள். துணிப் பை கட்டி மூலையில் இருந்ததைப் பார்த்தாள்.  சிசிலி பேசாமல் இருந்ததை இன்றுதான் பார்க்கிறேன்.

"போறதுன்னு முடிவு பண்ணிட்டியா?"

"ஆமாக்கா."

"போ. நான் வேணாங்கல. ஆனா காம்பராவுலருந்து களவாட்டம் ஏறிப் போகாத. மடுவத்துல வந்து ஏறு. கொழுந்து நிறுக்குற நேரத்துக்கு அந்தாள வரச் சொல்லு. நாங்க எல்லாரும் நிப்போம், நல்லபடியா வழியனுப்புறோம்."

லோஜினிக்குக் கண் கலங்கிவிட்டது. சரி என்றாள்.

வழியனுப்பவா சிசிலி மடுவத்துக்குக் கூப்பிட்டாள்? எனக்குச் சந்தேகம். கேட்கவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

இன்று நடந்ததை எல்லாம் எழுத வேண்டும். தேத்தண்ணி எத்தனை ஆறினாலும் சரி.

ஞாயிறு என்பதால் கைக்காசுப் பறிப்பு. பெண்கள் எல்லாரும் கொழுந்துப் பையைத் தூக்கிக்கொண்டு மடுவத்தில், அந்த நிறுவைக் கொட்டகையில், வரிசையாக நின்றார்கள். கணக்கப்பிள்ளை தராசில் தொங்கவிட்டு நிறுத்துக்கொண்டிருந்தார். லோஜினியும் காலையில் மலைக்குப் போனாள். போகிற நாளிலும் பறித்தாள்! தன் பையைக் கடைசியாக நிறுக்கட்டும் என்று ஓரமாக நின்றாள். கையில் காப்பு அப்படியே இருந்தது.

வெள்ளை வான் வந்து நின்றது. கஜேந்திரன் இறங்கினார். இஸ்திரி போட்ட சட்டை, நல்ல சிரிப்பு. இத்தனை பேரை அவர் எதிர்பார்க்கவில்லை. வானுக்குள் இன்னொரு பெண் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். சின்ன வயது. இறங்கவில்லை.

"வாங்க தங்கச்சி, நேரமாகுது" என்றார்.

சிசிலி முன்னால் வந்தாள். "இருங்க சார், நிறுத்துட்டு வரட்டும். அது வரைக்கும் நாங்க ரெண்டு விசயம் தெரிஞ்சுக்கிறோம். எங்க புள்ள போறா இல்லியா."

"கேளுங்க, கேளுங்க."

"எந்த விசாவுல போறா?"

"முதல்ல விசிட் விசா. சுத்திப் பாக்குறது. அங்க போய் மாத்திக்கலாம்."

"சுத்திப் பாக்கவா? எத? பாத்ரூமையா?"

பெண்கள் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். சிசிலி சிரிக்கவில்லை.

"அங்க பாஸ்போட்டு யார் கையில இருக்கும்?"

"வீட்டுக்காரங்க பத்திரமா வச்சிருப்பாங்க."

"போனு?"

"வேல நேரத்துல போன் எதுக்கும்மா?"

"வாசக் கதவுச் சாவி?"

"அட, வெளிய போற வேல இல்லயே. சாவி எதுக்கு?"

சிசிலி தன் காலைப் பார்த்தாள். பிறகு, மெதுவாகத்தான் சொன்னாள், ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது: "நான் மூணு வருசம் செருப்புப் போடல சார். வெளிய போனாத்தான செருப்பு. திரும்பி வந்து கொழும்புல எறங்கி நடக்கயில, ரோட்டுச் சூடு தாங்காம அழுதேன்."

தராசு நின்றுவிட்டது. கணக்கப்பிள்ளை கையில் ஒரு பையைப் பிடித்தபடியே நின்றார். இவள் இதை வீட்டில் கூடச் சொன்னதில்லை. இத்தனை பேர் நடுவில், லோஜினிக்காகச் சொன்னாள்.

கஜேந்திரன் கொஞ்சம் தடுமாறினார். "எல்லா எடமும் அப்பிடியில்லம்மா. நாங்க நம்பிக்கையான ஆளுங்க. இந்தா பாருங்க, பாஸ்போட்டெல்லாம் எவ்வளவு பத்திரமா—" என்று தோள் பையைத் திறந்து காட்டினார்.

அப்போது லோஜினி வந்தாள். "என்னோடத காட்டுங்க சார். படம் சரியா விழுந்திருக்கான்னு பாக்கல."

அத்தனை கண்ணும் அவர் கையில். எடுத்துக் கொடுத்தார். லோஜினி பிரித்துப் பார்த்தாள். மூடினாள். கொழுந்துப் பைக்குள் வைத்து வாயைக் கட்டினாள்.

"சார், நான் காப்புக் கட்டியிருக்கேன். எல்லயத் தாண்டக் கூடாது. இப்ப வரமுடியாது. இது எங்கிட்டயே இருக்கட்டும்."

பழைய தகரம் போல இருந்த என் நெஞ்சு அப்படியே… எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என்னைத் திட்ட வைத்த அதே காப்பு!

அவர் முகம் மாறியது. செலவு, டிக்கெட், போலீஸ் என்று என்னவெல்லாமோ சொன்னார். மதுரன் முன்னால் போனான். தலைவர் பொன்னையா அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "செலவு என்னான்னு எழுதிக் கொண்டாங்க. இதே எடத்துல, எல்லாருக்கும் முன்னால பேசிக்கலாம்" என்றார்.

யாரோ வானில் இருந்த பெண்ணுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அவள் இறங்கி வந்து குடித்தாள். கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும்போது தலைவர் பக்கம் திரும்பி, "எனக்கும் காப்புக் கட்டி விடுவீங்களா?" என்றாள்.

 தலைவர் தலையைச் சொறிந்தார். காப்புக் கட்டும் நாள் போய் ஒரு வாரம் ஆகிவிட்டது. அவள் இந்தத் தோட்டத்து ஆளும் இல்லை. ஊர் டயகமவாம், பேர் நாகலெட்சுமியாம். மன்மதனுக்கும் ரதிக்கும் அவள் என்ன முறை?

தலைவர் என்னைப் பார்த்தார். "வீரய்யா அண்ணே, கட்டலாமுல்ல?"

"தாராளமா" என்றேன்.

சிசிலியின் முந்தானையிலிருந்து நூல் உருவினார்கள். யார் வீட்டிலிருந்தோ மஞ்சள் வந்தது. ஜெயகாந்தன் தன் ஆட்டோவிலிருந்து தப்பை எடுத்து இரண்டு அடி அடித்தான். தலைவர் கட்டி முடித்துவிட்டு, கஜேந்திரனைப் பார்த்துக் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்: "சார், காப்புக் கட்டுன புள்ளயோட சாமான் எதுவும் எல்லயத் தாண்டக் கூடாது. பாஸ்போட்ட எடுத்து வச்சிட்டுப் போங்க. எங்க தாத்தா காலத்துலருந்து சட்டம்."

அப்படி ஒரு சட்டம் எனக்குத் தெரிந்து கிடையாது. பலமாகத் தலையை ஆட்டினேன்.

அவர் வானில் ஏறப் பார்த்தார். ஜெயகாந்தனின் ஆட்டோ பின்னால் ரோட்டை மறித்து நின்றது. "ஸ்டார்ட் ஆகமாட்டேங்குது சார்" என்றான் அவன், மீசையில்லாத முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. கணக்கப்பிள்ளையும் அப்போதுதான் வாயைத் திறந்தார்: "குடுத்துட்டுப் போங்க. எனக்கு இன்னும் பத்துப் பை நிறுக்கக் கெடக்கு."

பாஸ்போர்ட் வந்தது. ஆட்டோவும் ஸ்டார்ட் ஆனது.

நாகலெட்சுமியைச் சிசிலி தன் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். காப்புக் கட்டியவள் மச்ச மாமிசம் சாப்பிடக் கூடாதே என்று தலைவர் கவலைப்பட்டார். "நாங்களும் தவக்காலந்தான் தலைவரே. எங்க வீட்டுல இப்ப கருவாட்டு வாசம் கூடக் கெடயாது" என்றாள் சிசிலி.

லோஜினி இருட்டும் நேரத்தில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"மாமா, அன்னைக்கு நீங்க வெத்தல வாங்குனதுக்கு…"

"என்னா தாயி?"

"ஒண்ணுமில்ல. கொப்பிய எடுங்க. மூணு வாரமா பாடம் இல்ல."

மார்ச் 10, திங்கள்

விரல் வலிக்கிறது. நேற்று எழுதியதால். நல்ல வலி.

மார்ச் 14, வெள்ளி

விடியும்போது காமன் எரிந்தான். என் மகன் எரிவதைப் போலவே ஆடினான். ஜெயகாந்தன் தரையில் விழுந்து புரண்டு அழுதான். என் அளவுக்கு இல்லை என்றாலும் நன்றாகத்தான் அழுதான். ஞாயிறு அன்று காமனை எழுப்புவோம். காப்பு அவிழ்ப்போம்.

மார்ச் 17, திங்கள்

நாகலெட்சுமியின் அண்ணன் டயகமவிலிருந்து வந்து அழைத்துப் போனான். ஏஜென்சிக்காரர் அவர்கள் வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருந்தாராம். அதனால் அவளால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுப்பதென்று, தலைவரும் கூடப் போய்ப் பேசி முடித்திருக்கிறார். காப்பை அவள் அவிழ்க்கவில்லை. அவள் கையில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

மார்ச் 30, ஞாயிறு

இனி எந்தத் தரகர் வந்தாலும் மடுவத்தில் நிறுக்கும் நேரத்தில் வந்துதான் பேச வேண்டும் என்று பெண்கள் முடிவு செய்திருக்கிறார்கள். சிசிலி கேட்ட அந்த நாலு கேள்விக்கும் எல்லார் காதும் கேட்கப் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்குள் வந்து காதோடு பேசுகிற பேச்சு இல்லை.

மதுரனுக்குக் கொழும்பு வேலை போய்விட்டது. ஹட்டனில் ஒரு பேக்கரியில் சேர்ந்திருக்கிறான். நான் வருத்தப்பட்டேன். "அங்கயும் மாவுதான்பா, இங்கயும் மாவுதான்" என்றான். பாண் வாசனையோடு வீட்டுக்கு வருகிறான்.

மே 11, ஞாயிறு

லோஜினிக்குப் போகிற எண்ணம் போகவில்லை. நான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கொழுந்து நல்லாத்தான வருது?" என்றேன்.

"இப்ப வருது. வெயிலடிச்சா? மழ கூடுனா? இந்தா, போன வாரம் ரெண்டு நாளு கூப்பிடல." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வாச வழியாப் போறேன் மாமா. கொல்ல வழியா இல்ல" என்றாள்.

கோபம் வந்தது. எதன் மேல் என்று தெரியவில்லை. அவள் மேல் இல்லை. இந்த மலை அவளுக்கு ஒரு பேர் பதிந்து கொடுத்திருந்தால் எதற்காகப் போகப் போகிறாள்?

மே 12, திங்கள்

நேற்றைய கோபம் இன்று இல்லை. சிசிலி அவளோடு கூடப் போகிறாளாம், பதிகிற இடத்துக்கெல்லாம். "எனக்கு அப்பிடி யாரும் கூட வரல பெரியப்பா" என்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

பீரோவில் பதிந்து பயிற்சியும் முடித்துவிட்டாள். ஒப்பந்தம் வந்துவிட்டது. தமிழில் வேண்டும் என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். ஓமானில் வயதான ஒரு அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. "ஒரு கெழத்த விட்டுட்டு இன்னொரு கெழத்தப் பாக்கப் போறேன்" என்று எல்லாரிடமும் சொல்லித் திரிகிறாள்.

மடுவத்தில் அதை வாசிக்கச் சொல்லி என் கையில் கொடுத்தாள். எனக்கு வியர்த்துவிட்டது. எழுத்துக் கூட்டிக் கூட்டி முதல் பக்கத்தை வாசித்தேன்.  கடவுச்சீட்டைப் பணியாளர் தம்மிடமே வைத்துக்கொள்ள வேண்டும் என்ற வரி வந்தபோது எல்லாரும் சிசிலியைப் பார்த்தார்கள். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே, "பெரியப்பா வாசிச்சு முடிக்கறதுக்குள்ள இவ போய் ரெண்டு வருசம் வேல செஞ்சு திரும்பி வந்துருவா" என்றாள். மீதியை லோஜினியே வாசித்தாள்.

செப்டெம்பர் 28, ஞாயிறு

போய்விட்டாள். ஜெயகாந்தன் ஆட்டோவில் ஹட்டன் வரை நானும் போனேன். ஸ்டேசனில் என் காலைத் தொட்டாள். "எழுதுங்க மாமா" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். எதையாவது சொல்லப் போனால் ரதி அழுகை வந்துவிடும்.

செப்டெம்பர் 29, திங்கள்

அடுப்படி பெரிதாகிவிட்டது.

ஒக்டோபர் 10, வெள்ளி

பகலில் போன் அடித்தது. லோஜினி இருட்டிய பிறகுதான் கூப்பிடுவாள். என்னவோ ஏதோ என்று எழுந்து ஓடினேன். பட்டனை அமுக்கினேன். அவள் முகம் தெரிந்தது.

"என்னா தாயி? ஏதும் பிரச்சினையா?"

"இல்ல மாமா. இன்னைக்கு லீவு."

"ஏன்? மேலுக்கு முடியலயா?"

"நல்லாத்தான் இருக்கேன். வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம லீவாம். அந்தம்மாவோட மக வந்து பாத்துக்கிறாங்க. போன வாரம் தெரியாம நான் பாட்டுக்கு வேல செஞ்சிட்டேன். பாத்து ஒரே சிரிப்பு." போனை மற்றக் கைக்கு மாற்றினாள். "காலையில கடப் பக்கம் போய் நடந்துட்டு வந்தேன். துணி தொவச்சேன். இன்னும் நாளு கெடக்கு. லீவு நாள்ல என்ன மாமா செய்யிறது?"

யோசித்துப் பார்த்தேன். என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை. பேர் பதிந்து வேலை செய்த காலத்திலும் ஞாயிறு என்றால் விறகு, தண்ணீர், கூரைத் தகரம்.

"எனக்குத் தெரியலயே தாயி. தூங்கேன்."

"பகல்லயா?"

"ஆமா. பகல்லதான்."

சிரித்தாள். போனை எதிலோ சாய்த்து வைத்தாள் போலிருக்கிறது. முகம் போய்விட்டது, மேலே சுற்றும் விசிறி மட்டும் தெரிந்தது. என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், வார்த்தை குறைந்துகொண்டே வந்தது. பிறகு மூச்சுச் சத்தம் மட்டும்.

போனைக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். மதுரன் பேக்கரியிலிருந்து வந்து, "யாருப்பா லைன்ல?" என்றான்.

சத்தம் போடாதே என்று கை காட்டினேன்.